ஃபாக்ஸ்ப்ரோ படிவம் மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கும் கடை, குளச்சலில் மீன் கமிஷன் கடை, தோவாளையில் பூ மொத்த வியாபாரம், வடசேரியில் ஒரு பாத்திரக்கடை. இந்த நாலு இடத்துக் கணக்கும் இன்றைக்கும் விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய நிரலாக்க மென்பொருளில்தான் ஓடுகிறது. இருபது வருஷத்துக்கு மேலாக நான்தான் பார்த்து வருகிறேன். ஃபாக்ஸ் சாஃப்ட்வேரை மைக்ரோசாஃப்ட் 1992-ல் வாங்கியது. கடைசிப் பதிப்பான 9.0 வந்தது 2004 டிசம்பரில். இரண்டாம் சர்வீஸ் பேக் 2007-ல். 2015 ஜனவரி 13-ஓடு ஆதரவும் நின்றது. இருந்தும் 64 பிட் விண்டோஸில் அந்த 32 பிட் எக்ஸி சிரமமில்லாமல் ஓடுகிறது. மொழி, படிவம், டேட்டாபேஸ் மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இப்படியொரு சூழல் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

இப்போது இந்த நிரல்களைப் பராமரிக்க வருகிற தம்பி தங்கைகள் பலர் ஃபாக்ஸ்ப்ரோ பிறந்த காலத்தில் பிறந்திராதவர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் கண்ட வரையில், படிவத்தில் (கணக்கை அடிக்கும் திரையில்) தெரிகிற கோளாறு பெரும்பாலும் படிவத்தில் இருப்பதில்லை. கீழே கோப்பில் இருக்கும், டேட்டா செஷனில் (படிவம் தன் டேபிள்களையும் அமைப்புகளையும் வைத்திருக்கும் சூழலில்) இருக்கும், பஃபரில் (அடித்தது வட்டுக்குப் போகும் முன் தங்கும் இடத்தில்) இருக்கும், நெட்வொர்க்கில் இருக்கும். அறிகுறியைப் பார்த்து எந்தத் தட்டில் பிழை என்று முடிவு செய்த பிறகே எஸ்சிஎக்ஸ் என்ற படிவக் கோப்பைத் திறக்க வேண்டும்.

கை வைக்கும் முன்

எல்லோரையும் நிரலை விட்டு வெளியே வரச் சொல்லுங்கள். டேட்டா ஃபோல்டரை அப்படியே ஒரு பென்டிரைவில் நகலெடுங்கள். டேபிள் இருக்கும் டிபிஎஃப் மட்டும் போதாது, அதோடு ஒட்டிய சிடிஎக்ஸும் (இண்டெக்ஸ் கோப்பு) எஃப்பிடியும் (நீண்ட உரை தங்கும் மெமோ கோப்பு) வேண்டும். டேட்டாபேஸில் சேர்ந்த டேபிளாக இருந்தால் டேட்டாபேஸ் கோப்புகளான டிபிசி, டிசிடி, டிசிஎக்ஸ் மூன்றும் வேண்டும். கெட்டுப்போன டேபிளில் அவசரப்பட்டு ‘பேக்’ (நீக்கக் குறியிட்ட பதிவுகளை நிரந்தரமாக அழிக்கும் கட்டளை) கொடுத்து, மீட்டிருக்கக்கூடிய ஆயிரக்கணக்கான பதிவுகளை ஒரே நொடியில் அழித்தவர்களை எனக்குத் தெரியும். பழுதுபார்ப்பது எப்போதும் நகலில்தான். மூலம் பென்டிரைவில் தூங்கட்டும்.

மின்சாரம் போய் வந்ததும் டேபிள் திறக்கவில்லை

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அதிகம் வரும் புகார் இதுதான். சித்திரை வைகாசி இடிமழை ஒரு பக்கம், ஐப்பசி அடைமழை ஒரு பக்கம். குலசேகரம் பக்கம் ரப்பர் மரக்கிளை கம்பியில் விழுந்தால் போதும், கரண்ட் போய்விடும். படிவத்தைத் திறந்தால் இரண்டு செய்திகளில் ஒன்று வரும். ‘நாட் எ டேபிள்’ என்று வந்தால் பிழை எண் 15. ‘டேபிள் கெட்டுவிட்டது, பழுதுபார்த்த பிறகே பயன்படுத்த முடியும்’ என்ற பொருளில் வந்தால் பிழை எண் 2091. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. இரண்டாவது எளிது, அதை முதலில் சொல்கிறேன்.

டிபிஎஃப் கோப்பின் தலைப்பகுதியை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பாதி பயம் போய்விடும். ஏதாவது ஒரு ஹெக்ஸ் எடிட்டரில் (பைட்டுகளைப் பதினாறடிமான எண்ணாகக் காட்டும் கருவியில்) திறங்கள். முதல் பைட் 30 என்று இருந்தால் விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ டேபிள். அடுத்த மூன்று பைட் கடைசியாக மாற்றிய வருஷம், மாதம், நாள். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 4 முதல் 7 வரை உள்ள நாலு பைட் பதிவுகளின் எண்ணிக்கை. 8, 9 தலைப்பகுதியின் நீளம். 10, 11 ஒரு பதிவின் நீளம். எல்லாமே சிறிய பைட் முன்னால், பெரிய பைட் பின்னால் என்ற வரிசை. 32-வது பைட்டிலிருந்து ஒவ்வொரு ஃபீல்டுக்கும் 32 பைட். முடிவில் ஒரு பைட் அடையாளம், அதன்பின் டிபிசியின் பாதை எழுத 263 பைட்.

ஒக்கி புயல் 2017 நவம்பர் 30-ல் அடித்தது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து கிடந்தன. குலசேகரம் கடையில் ஜெனரேட்டர் வைத்துக் கணக்கை எடுக்கப் பார்த்தார்கள். நடுவில் டீசல் தீர்ந்து கம்ப்யூட்டர் அணைந்தது. மறுநாள் மரம் வெட்டி வழி விட்ட பிறகுதான் என்னால் அங்கே போகவே முடிந்தது. முதலாளி வாசலிலேயே நின்றார். “மக்கா, மரம் போச்சு, அது போட்டும். ஆளுகளுக்குக் குடுக்கவேண்டிய பாக்கிக் கணக்கும் போச்சா?” என்றார். அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. உள்ளே போய் மெஷினைப் போட்டேன்.

கொள்முதல் டேபிளில் 14 ஃபீல்டு. தலைப்பகுதி 32, 14 முறை 32, பிறகு 1, பிறகு 263. கூட்டினால் 744 பைட். ஒரு பதிவு 118 பைட். கோப்பின் அளவு 2,216,077 பைட். 744-ஐக் கழித்து 118-ஆல் வகுத்தால் 18,774, மீதி 1. அந்த மீதி ஒரு பைட் கோப்பின் முடிவுக்குறி. அதாவது உள்ளே முழுசாக இருப்பது 18,774 பதிவு. ஆனால் 4-வது பைட்டிலிருந்து ‘57 49 00 00’ என்று எழுதியிருந்தது. பின்னிருந்து படித்தால் பதினாறடிமானத்தில் 4957, அதாவது 18,775. தலைப்பகுதி ஒன்று கூட எண்ணிவிட்டது, பதிவோ வட்டில் எழுதப்படும் முன் கரண்ட் போய்விட்டது. 57-ஐ 56 ஆக்கிச் சேமித்தேன். டேபிள் திறந்தது. அத்தனை பேருடைய பாக்கியும் ஒரு பைட் திருத்தத்தில் திரும்பி வந்தது. முதலாளி திரையில் பெயர் பெயராக விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனார்.

ஹெக்ஸ் எடிட்டர் கையில் இல்லையென்றால் ஃபாக்ஸ்ப்ரோவின் எஃப்ஓபன், எஃப்சீக், எஃப்ரைட் மூன்றும் போதும். 4-வது இடத்துக்குப் போய் நாலு கேரக்டர் எழுதிவிட்டு எஃப்குளோஸ் செய்ய வேண்டியதுதான். மேலே சொன்ன எண்ணுக்கு 86, 73, 0, 0. இன்னொரு வழி, ‘ஸெட் டேபிள்வேலிடேட்’டை 0 ஆக்கித் திறந்து, ‘காப்பி டு’ மூலம் புதிய டேபிளுக்கு மாற்றுவது. இது பதிப்பு 8 முதல் உண்டு. பழைய 6-ல் இந்தச் சோதனையே கிடையாது. கோளாறு தெரியாமலே ஓடி, வேறு இடத்தில் வெடிக்கும்.

‘நாட் எ டேபிள்’ என்றால் தலைப்பகுதியே சிதைந்திருக்கும். திறந்து பார்த்தால் தொடக்கம் முழுக்க 00 00 00 என்று நிற்கும். பழைய பேக்கப்பிலிருந்து இதே டேபிளை எடுங்கள். ஃபீல்டு அமைப்பு மாறியிருக்கக் கூடாது, அது முக்கியம். அதன் முதல் 744 பைட்டை நகலெடுத்து, கெட்ட கோப்பின் முதல் 744 பைட்டின் மேல் ஒட்டுங்கள். இடையில் செருகக் கூடாது, மேலே எழுத வேண்டும். பிறகு மேலே சொன்ன கணக்கைப் போட்டு எண்ணிக்கையைத் திருத்துங்கள். கோப்பு முழுவதும் பூஜ்யமாக இருந்தால் மீட்க எதுவும் இல்லை, பேக்கப்புக்குப் போக வேண்டியதுதான். அதனால்தான் வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கடையின் காலி டேபிள்களையும் என் வீட்டில் வாங்கி வைத்திருக்கிறேன். காலி டேபிள் ஒரு கிலோபைட்கூட இருக்காது, ஆபத்தில் அதன் தலைதான் உதவும்.

‘மெமோ கோப்பு காணவில்லை அல்லது செல்லாது’ என்று வந்தால் பிழை எண் 41. எஃப்பிடி போயிருக்கும். அதே அமைப்புள்ள காலி டேபிளின் எஃப்பிடியை அந்தப் பெயரில் வைத்தால் மற்ற ஃபீல்டுகளை எடுத்துவிடலாம். எஃப்பிடியின் தலையைத் திருத்த நேர்ந்தால் ஒன்றை மறக்காதீர்கள்: அங்கே பெரிய பைட் முன்னால் வரும், டிபிஎஃபுக்கு நேர் எதிர். இதை அறியாமல் நான் ஒரு ராத்திரி முழுக்க விழித்திருக்கிறேன்.

பிரௌஸில் இருக்கிறது, தேடினால் கிடைக்கவில்லை

பிரௌஸ் என்பது டேபிளை அப்படியே காட்டும் ஜன்னல். அதில் தெரிந்தும் தேடலில் வரவில்லை என்றால் இண்டெக்ஸ் டேபிளோடு ஒத்துப்போகவில்லை. சில சமயம் பிழை எண் 114 வரும். சில சமயம் ஒன்றும் வராமல் படிவம் ‘இந்த எண் இல்லை’ என்று மட்டும் சொல்லும். பலரும் உடனே ‘ரீஇண்டெக்ஸ்’ போடுகிறார்கள். அது சிடிஎக்ஸின் தலையில் எழுதியிருக்கும் இண்டெக்ஸ் சூத்திரத்தை நம்பித்தான் வேலை செய்கிறது. அந்தத் தலையே கெட்டிருந்தால் என்ன செய்யும்? ‘டிலீட் டேக் ஆல்’ கொடுத்து, ஒவ்வொரு டேகையும் (சிடிஎக்ஸுக்குள் உள்ள தனித்தனி இண்டெக்ஸையும்) ‘இண்டெக்ஸ் ஆன்’ மூலம் புதிதாகக் கட்டுவதே சரி. டிபிசியில் சேர்ந்த டேபிளாக இருந்தால் பிரைமரி கீயை நீக்கும்போது டேபிள்களுக்கு இடையிலான உறவும் போய்விடும். ஆகவே ஃபாக்ஸ்ப்ரோவோடு வரும் ஜென்டிபிசி நிரலை, எல்லாம் நன்றாக இருக்கும் நாளிலேயே ஓட்டி, அது எழுதித் தரும் பிஆர்ஜி கோப்பைப் பத்திரப்படுத்துங்கள்.

எடை போட்டேன், பூஜ்யம் ஏறியிருக்கிறது

இதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். குலசேகரம் கடையில் எழுத்து வேலை பார்க்கும் அக்கா என்னை விட இரண்டு வயது மூத்தவர், விரல் வேகம் அபாரம். ஒரு நாள் போனில் அழாத குறையாகச் சொன்னார், “தம்பி, நான் எடை அடிச்சேன். சத்தியமா அடிச்சேன். சிலதுல ஏறுது, சிலதுல பூஜ்யம் காட்டுது. முதலாளி என்னைச் சந்தேகப்படுறாரு.” ஒட்டுப்பால் (உறைந்த கழிவு ரப்பர்) கொண்டுவந்தவர் ஒருவருக்குப் பணம் குறைந்திருந்தது. அந்த அக்காவின் நேர்மை நிரலில் ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருந்தது.

நேரில் போய் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பெயர், ரப்பர் ஷீட்டின் தரத்தில் ஆர்எஸ்எஸ்-4, விலை, கடைசிக் கட்டத்தில் எடை 38.5. எல்லாம் சரி. மவுஸை எடுத்து ‘சேமி’ பொத்தானை அழுத்தினார், ஏறியது. அடுத்த ஆள் வந்தார். வரிசை நீண்டதும் மவுஸைத் தொடாமல் கன்ட்ரோல்-எஸ் அடித்தார். பூஜ்யம்.

காரணம் இதுதான். டெக்ஸ்ட்பாக்ஸில் அடிப்பது உடனே டேபிளுக்குப் போவதில்லை. கட்டத்தை விட்டுக் கர்சர் வெளியேறும்போதுதான் அந்த மதிப்பு கன்ட்ரோல்சோர்ஸில், அதாவது கட்டத்தோடு இணைத்த ஃபீல்டில், எழுதப்படும். படிவத்துக்குள் இருக்கும் பொத்தானை அழுத்தினால் ஃபோகஸ் அந்தப் பொத்தானுக்கு நகரும், மதிப்பும் எழுதப்படும். மெனு வழியாக வரும் குறுக்குவிசையோ டூல்பார் பொத்தானோ ஃபோகஸை நகர்த்தாது. எனவே கடைசியாகக் கை வைத்த கட்டம் மட்டும் விடுபட்டுப் போகும். மற்ற ஃபீல்டு எல்லாம் சரியாக ஏறி, ஒன்றே ஒன்று பழைய மதிப்பிலோ பூஜ்யத்திலோ நின்றால் வேறெங்கும் தேடாதீர்கள்.

சேமிக்கும் நிரலின் முதல் வரியாக, ஆக்டிவ்கன்ட்ரோல் எதுவோ அதன் ஸெட்ஃபோகஸை அழைத்துவிடுங்கள். அதே கட்டத்துக்கே ஃபோகஸ் திரும்பக் கொடுத்தால்கூட மதிப்பு எழுதப்பட்டுவிடும். ஆக்டிவ்கன்ட்ரோல் இருக்கிறதா என்று டைப் செயற்கூறால் முதலில் சோதியுங்கள், இல்லையென்றால் காலிப் படிவத்தில் பிழை வரும். கிரிட்டுக்குள் (வரிசையும் பத்தியுமான அட்டவணைக்குள்) அடிக்கும் படிவமாக இருந்தால் வேறொரு கட்டத்துக்குப் போய்த் திரும்பி வரச் செய்யுங்கள்.

இது இல்லையென்றால் அடுத்து பார்க்க வேண்டியது, பஃபரில் உள்ளதை டேபிளுக்கு எழுதும் டேபிள்அப்டேட். இது தோற்றால் சத்தம் போடாது, பொய் என்ற மதிப்பை மட்டும் திருப்பித் தரும். அந்த மதிப்பைப் பார்க்காமல் அடுத்த வரியிலேயே ‘சேமிக்கப்பட்டது’ என்று மெசேஜ்பாக்ஸ் போட்ட நிரல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பொய் வந்தால் ஏஎரர் மூலம் காரணத்தை எடுங்கள். 1585 என்றால் இரண்டு பேர் ஒரே பதிவை மாற்றியிருக்கிறார்கள். ஓல்ட்வேல் பழைய மதிப்பையும், கர்வேல் இப்போது வட்டில் உள்ளதையும் தரும். இரண்டையும் திரையில் காட்டி எது வேண்டும் என்று கடைக்காரரையே கேட்க வைப்பதுதான் நியாயம். வலுக்கட்டாயமாக எழுதும் விருப்பத்தைப் போட்டால் மற்றவர் அடித்தது காணாமல் போகும், அதற்கு யாரும் சாட்சி இருக்க மாட்டார்கள்.

நேர்மாறான புகாரும் உண்டு. சேமிக்காமலே ஏறிவிட்டது என்பார்கள். பஃபரிங் 3-ல் இருந்தால் ஒரு பதிவு மட்டும் பஃபரில் நிற்கும். ரெக்கார்டு பாயின்டர் நகர்ந்த நொடியே அது எழுதப்படும். வேலிட் நிகழ்வில் (கட்டத்தில் அடித்ததைச் சோதிக்கும் இடத்தில்) யாராவது அதே ஒர்க் ஏரியாவில் (டேபிள் திறந்திருக்கும் இடத்தில்) ‘ஸீக்’ என்ற தேடல் கட்டளை போட்டிருந்தால் பாதி அடித்த பதிவு வட்டுக்குப் போய்விடும். பஃபரிங்கை 5 ஆக்குங்கள். தேடுவதற்கு அதே டேபிளை வேறு பெயரில் இன்னொரு முறை திறந்துகொள்ளுங்கள்.

பன்னிரண்டாம் தேதி வரை ஏற்றுக்கொண்டது, பதிமூன்றாம் தேதி தவறான தேதி என்கிறது

இந்த அறிகுறியைக் கேட்டதும் விடை தெரிந்துவிடும், ஆனால் சேதம் நடந்து முடிந்திருக்கும். குளச்சல் கமிஷன் கடையில் ஒரு ஜூன் மாதம். அமெரிக்க முறையில் மாதம் முன்னால், நாள் பின்னால். 01/06 என்று அடித்தது ஜனவரி 6 ஆனது. 02/06 பிப்ரவரி 6. இப்படியே 12/06 டிசம்பர் 6 வரை போனது. தப்பித்தது ஜூன் 6 மட்டும்தான். 13/06 வந்தபோது பதிமூன்றாம் மாதம் இல்லை என்று படிவம் நின்றது. அதுவரை பன்னிரண்டு நாள் ஏலக் கணக்கு வருஷம் முழுக்கச் சிதறிக் கிடந்தது.

படிவத்தின் டேட்டாசெஷன் 1-லிருந்து 2-க்கு மாறியதுதான் காரணம். ஒரே படிவத்தை இரண்டு தடவை திறந்து வைக்க வேண்டும் என்று கேட்டார்கள், நான்தான் பிரைவேட் செஷனாக மாற்றினேன். பிரைவேட் செஷன் பிறக்கும்போது பல ‘ஸெட்’ அமைப்புகள் தொடக்க நிலைக்கே திரும்பிவிடும். ஸெட் டேட் அமெரிக்க முறைக்குப் போகும். ஸெட் டிலீட்டட் ஆஃப் ஆகும். ஸெட் மல்டிலாக்ஸ், ஸெட் செஞ்சுரி, ஸெட் எக்ஸாக்ட் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். முதன்மை நிரலில் என்ன போட்டிருந்தாலும் இங்கே செல்லாது. ‘நீக்கிய ஆள் படிவத்தில் மட்டும் திரும்பி வருகிறார், கமாண்ட் விண்டோவில் பார்த்தால் இல்லை’ என்ற புகாருக்கும் இதுவே காரணம்.

இந்த அமைப்புகளை ஒரு சிறு நிரலாக எழுதி, ஒவ்வொரு படிவத்தின் டேட்டா என்விரான்மென்டில் பிஃபோர்ஓபன்டேபிள்ஸ் நிகழ்விலிருந்து அழையுங்கள். லோட் நிகழ்வு அதற்குப் பிறகுதான் வருகிறது. ஏறிய தவறைத் திருத்த, கைச்சீட்டு எண்ணை வைத்து எங்கே தொடங்கியது என்று கண்டுபிடியுங்கள். அந்தப் பதிவுகளில் மட்டும் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றி டேட் செயற்கூறால் புதிய தேதியாக்குங்கள். நாள் 12-க்கு மேல் உள்ள பதிவுகளைத் தொடக் கூடாது. குளச்சலில் அன்று கைச்சீட்டுக் கட்டுகளைப் பாட்டி ஒருத்தி பனங்கூடையில் போட்டு வைத்திருந்தார். அதைப் பார்த்துத்தான் எண்களைச் சரிபார்த்தேன்.

அழித்த எண்ணைத் திரும்பக் கொடுத்தால் ஏற்கவில்லை

பிழை எண் 1884, இண்டெக்ஸின் தனித்தன்மை கெடுகிறது என்ற செய்தி. ஃபாக்ஸ்ப்ரோவில் ‘டிலீட்’ என்பது அடையாளம் இடுவது மட்டுமே, பதிவு உள்ளேயே இருக்கும். பிரைமரி கீ அதையும் சேர்த்தே எண்ணும். இண்டெக்ஸில் ‘நாட் டிலீட்டட்’ என்ற நிபந்தனையைச் சேர்த்துக் கட்டினால் தீரும்.

கிரிட் வெள்ளையாகிவிட்டது

தேடு பொத்தானை அழுத்தியதும் கிரிட் வெற்றுப் பலகையாகிறது, அல்லது நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த பத்திகள் போய் ஃபீல்டு பெயர்களோடு புதுப் பத்திகள் வருகின்றன. எஸ்கியூஎல் செலக்ட் அதே பெயரில் புதிய கர்சரை (இங்கே, தேடல் முடிவு தங்கும் தற்காலிக டேபிளை) கட்டும்போது பழைய கர்சர் மூடப்படுகிறது. கிரிட் எதைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் ரெக்கார்டுசோர்ஸின் காலடியில் நிலம் நழுவுகிறது. செலக்டுக்கு முன்னால் ரெக்கார்டுசோர்ஸை வெறுமையாக்கி, பிறகு திரும்பக் கொடுத்து, ஒவ்வொரு பத்தியின் கன்ட்ரோல்சோர்ஸையும் எழுதுங்கள். நான் இன்னொரு வழியையே விரும்புகிறேன். லோட் நிகழ்வில் ஒரு காலி கர்சரைக் கட்டி அதைக் கிரிட்டில் மாட்டுவேன். தேடும் ஒவ்வொரு முறையும் அதை ‘ஸாப்’ கொடுத்துக் காலி செய்து, தற்காலிகக் கர்சரிலிருந்து ‘அப்பெண்ட்’ செய்து, ‘கோ டாப்’ போட்டு ரெஃப்ரெஷ் செய்வேன். கிரிட் ஒருபோதும் அசையாது. ‘ஸாப்’ போடும் முன் எந்த ஒர்க் ஏரியாவில் நிற்கிறீர்கள் என்று உறுதி செய்யுங்கள், நிஜ டேபிளில் விழுந்தால் எல்லாம் போகும்.

ஒருவர் லாகினில் இருக்கும் பில் இன்னொருவர் லாகினில் இல்லை

ஒரே கம்ப்யூட்டர், இரண்டு விண்டோஸ் பயனர்கள். டேட்டா ஃபோல்டர் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். பதிப்பு 6-ல் கட்டிய பழைய எக்ஸி அங்கே எழுத முயன்றால் விண்டோஸ் தடுப்பதில்லை, அந்தப் பயனரின் லோக்கல் ஆப்டேட்டாவுக்குள் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஃபோல்டரில் ஒரு தனி நகலை உண்டாக்கி அதில் எழுதவிடும். ஆளுக்கொரு கணக்கு. வடசேரி கடையில் இரண்டு மாதம் இப்படி ஓடியிருந்தது. இரண்டு நகலையும் எடுத்து, பில் எண் வாரியாக ஒன்று சேர்த்து, டேட்டாவை டி டிரைவுக்கு மாற்றுங்கள்.

நெட்வொர்க்கில் இரண்டு மெஷின் இருந்து, ஒன்றில் போட்டது மற்றதில் தாமதமாகத் தெரிந்தால் அது வேறு. விண்டோஸ் கோப்புகளைப் பகிரும் முறையான எஸ்எம்பி 2-ம் அதற்குப் பிந்தையவையும் கோப்பு விவரங்களைப் பயனர் மெஷினிலேயே சற்று நேரம் நினைவில் வைத்துக்கொள்கின்றன. ரெஜிஸ்ட்ரியில் லேன்மேன் ஒர்க்ஸ்டேஷன் அமைப்பின் கீழ் டைரக்டரி கேஷ், ஃபைல் இன்ஃபோ கேஷ், ஃபைல் நாட் ஃபவுண்ட் கேஷ் மூன்றின் ஆயுளையும் 0 ஆக்குங்கள். இதற்காக எஸ்எம்பி 1-ஐத் திரும்பப் போடச் சொல்லும் ஆலோசனையைக் கேட்காதீர்கள். பாதுகாப்பில்லாத பழைய முறை என்பதால்தான் அது நிறுத்தப்பட்டது. புதிய விண்டோஸ் சர்வர்களில் பகிர்ந்த ஃபோல்டருக்கு மட்டும் லீஸிங்கை (பயனர் மெஷின் இப்படி நினைவில் வைக்க சர்வர் தரும் அனுமதியை) நிறுத்தும் வசதி இருக்கிறது, அதுவே சரியான இடம். வைஃபையில் டிபிஎஃப் வேண்டாம். வயர் இழுத்துவிடுங்கள், அந்தச் செலவு திரும்பக் கிடைக்கும்.

தமிழ்ப் பெயர் எல்லாம் கேள்விக்குறியாகிறது

செல்போனிலிருந்து பெயரை நகலெடுத்துப் படிவத்தில் ஒட்டினால் ‘?????’ என்று வரும். எத்தனையோ பேர் கண்ட்ரோல் பேனலில் தமிழைத் தேர்ந்தெடுத்துப் பார்த்துச் சோர்ந்துவிட்டார்கள். விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ ஒற்றை பைட் ஆன்சி எழுத்துகளில் வேலை செய்கிறது. விண்டோஸில் தமிழுக்கென ஆன்சி கோட்பேஜ் கிடையாது, யூனிகோடு மட்டும்தான். மாற்ற இடமில்லாததால் ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாகிறது. அப்படிச் சேமித்ததை மீட்கவும் முடியாது.

ஆகவே படிவத்தில் பழைய முறை எழுத்துருவே வழி. பாமினியோ, 1999-ல் சென்னைத் தமிழிணைய மாநாட்டில் முன்வைத்த டேப் முறையோ, எதுவானாலும் கடை முழுக்க ஒன்றே இருக்கட்டும். தமிழ் வரும் ஃபீல்டுகளைக் கேரக்டர் பைனரியாக வையுங்கள். இல்லையென்றால் வேறு கோட்பேஜ் உள்ள மெஷினில் திறக்கும்போது ஃபாக்ஸ்ப்ரோ நல்ல எண்ணத்தோடு பைட்டுகளை மாற்றி எழுத்தைக் குலைத்துவிடும். யூனிகோடில் வெளியே அனுப்ப வேண்டுமானால் மாற்று அட்டவணை ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். அதில் கவனிக்க வேண்டியது கொம்பு. பழைய எழுத்துருவில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் ஐகாரக் குறியும் மெய்யெழுத்துக்கு முன்னால் நிற்கும், யூனிகோடில் பின்னால் வர வேண்டும். ஓகார உயிர்மெய்யில் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாக வேண்டும். ‘கோலப்பன்’, ‘செல்லையா’ என்ற இரண்டு பெயரும் சரியாக வந்தால் உங்கள் அட்டவணை அநேகமாகச் சரி.

பில் வேறு பிரின்டருக்குப் போகிறது

தோவாளையில் விடிவதற்கு முன்பே வியாபாரம் சூடுபிடித்துவிடும். அந்த நேரத்தில் பிரின்டர் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வந்தால் பூ வாடும், ஆளும் வாடுவார். ரிப்போர்ட்டை வடிவமைத்த மெஷினின் பிரின்டர் விவரம், ரிப்போர்ட் கோப்பான எஃப்ஆர்எக்ஸின் முதல் பதிவில் ஒட்டிக்கொண்டு வருவதே காரணம். எஃப்ஆர்எக்ஸும் ஒரு டேபிள்தான். ‘யூஸ்’ கொடுத்துத் திறந்து முதல் பதிவில் டேக், டேக்2 என்ற இரண்டு மெமோவையும் காலி செய்யுங்கள். எக்ஸ்பர் மெமோவில் டிவைஸ், அவுட்புட் என்று தொடங்கும் வரிகளை நீக்குங்கள். காகித அளவும் நெடுக்கு குறுக்குத் திசையும் உள்ள வரிகள் இருக்கட்டும். பதிப்பு 9-ல் ரிப்போர்ட் மெனுவில் பிரின்டர் விவரத்தைச் சேமிக்கும் குறியை எடுத்துவிட்டால் அடுத்த முறை ஒட்டாது. எஃப்ஆர்எக்ஸ் எக்ஸிக்குள் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தால் வெளியே திருத்தியது உள்ளே போகாது. எக்ஸியைத் திரும்பக் கட்டி, கடை திறக்கும் முன் ஒரு சோதனை பில் அடித்துப் பார்த்துவிடுங்கள்.